மிதியும் பிடியும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலை, நெய்யாற்றின்கரையையும் அமரவிளையையும் கடந்து பாறசாலையை அடைகிறது. சிறிது தொலைவில் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. பிழைப்பின் பொருட்டு வெளிமாநிலங்களில் வாழும் குமரி நாட்டார் பலர், ஊர் திரும்புகையில் இவ்வழியே பஸ்ஸில் வந்திருப்பர். மழை பெய்து நனைந்த ஏற்றத்தில் அந்தப் பஸ் வழுக்காமல் ஏறுவது எப்படி என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1938ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள், திருவாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் சமஸ்தானத்தின் அரசுப் பஸ் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தார். லண்டன் நகரப் போக்குவரத்து நிறுவனத்தில் பணியாற்றிய சால்ட்டர் என்பவர் அதன் தலைவராக அமர்த்தப்பெற்றிருந்தார். இங்கிலாந்திலிருந்து வந்த கம்மர் அடிச்சட்டங்களில் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்கள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றின்மேல் கூடு கட்டியவர்கள் நம் நாட்டுத் தொழிலாளரே. அரசு பஸ்கள் முதலில் ஓடிய தடம், திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் இணைத்த இந்தச் சாலைதான்.

டீசல் எஞ்சினின் இயல்பை இங்கே அறிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் மிதியை அழுத்தினால் காற்று செல்லும் வாயில் திறக்கிறது. டீசலில் பொதுவாகக் காற்று தடையின்றிச் செல்லும். மிதி கூட்டுவதும் குறைப்பதும் பம்பு பீச்சும் எண்ணெயின் அளவையே. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927இல் இத்தகைய பம்புகளைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கிய பின்னரே டீசல் எஞ்சின் சாலை வண்டிகளுக்கு ஏற்றதாயிற்று. பம்போடு இணைந்த கவர்னர் என்னும் உறுப்பு, எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழலாமல் காக்கிறது. எண்ணெயைக் கூடுதலாக விட்டால் வேகம் வளர்வதற்கு முன்னே கரும்புகைதான் வளரும். ஆகவே பணிமனையில் உச்ச அளவை அமைத்து, எவரும் திருகிவிடாதபடி முத்திரையிடுவது வழக்கமாயிற்று.

எஞ்சினுக்கு வலிமை இருந்தால் மட்டும் போதாது. சக்கரத்துக்குச் சாலையில் பிடி வேண்டும். உலர்ந்த நல்ல தளத்தில், சக்கரத்தின்மேல் அமர்ந்த எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு அளவுக்கு இழுவையைச் சாலை தாங்கும். ஈரச் சேற்றில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடக் கூடும். அந்த எல்லையைத் தாண்டி மிதித்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். பக்கவாட்டுப் பிடியையும் இழந்து வண்டியின் பின்புறம் விலகும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் இந்தச் செம்மண் நாட்டில், கிளைப்பாதைகளின் சேறு நெடுஞ்சாலைவரை வந்துவிடும். அன்று இழுவையை அளந்து கொடுத்தவை ஓட்டுநரின் வலக்காலும் செவியுமே. எஞ்சினின் ஒலி திடீரென்று உயர்ந்தால், சக்கரம் பிடியை விட்டது என்று உணர்ந்து அவர் காலைத் தளர்த்துவார். இந்த அறிவைத் தந்தது ஏடு அன்று. நாள்தோறும் அதே ஏற்றத்தில் ஏறிய பழக்கம்.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. உறவினர் சிலர் எல்லைக்கு இப்புறமும், சிலர் அப்புறமும் ஆயினர். பெண் கொடுத்த வீட்டுக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் செல்வோரைப் பிரியாமல் காத்தது பஸ்தான். ஆதலால் ஓட்டுநரின் காலில் இருந்தது எண்ணெய்ச் செலவு மட்டுமன்று. இரு மாநிலத்துக் குடும்பங்களின் உயிரும் உறவும் அதில் இருந்தன.

பிற்காலத்தில் அந்தக் காலின் அறிவைக் கருவிக்குக் கற்பிக்க முயன்றனர். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் மின்னணுத் தடையமைப்பைப் பாஷ் நிறுவனம் 1978இல் கார்களுக்கு அளித்தது. சக்கரம் வீணே சுழல்வதைத் தடுக்கும் இழுவைக் கட்டுப்பாடு 1986இல் வந்தது. ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் கருவி அளக்கிறது. ஒன்று மட்டும் விரைந்தால், எஞ்சினின் விசையைக் குறைக்கிறது, அல்லது அச்சக்கரத்துக்கு மட்டும் தடை போடுகிறது. மிதியும் இன்று பல வண்டிகளில் கம்பியால் எஞ்சினை இழுப்பதில்லை. மின் குறிப்பு ஒன்றையே அனுப்புகிறது.

இதனால் ஒரு மயக்கமும் பிறந்திருக்கிறது. மிதியின் குறிப்பை மிகுத்துக் காட்டும் சிறு பெட்டியை வாங்கிப் பொருத்தி, வண்டிக்கு வலிமை கூடிவிட்டதாகச் சிலர் மகிழ்கின்றனர். கூடுவது வலிமையன்று, சிறிது மிதித்தாலும் மிகுதியாகப் பாயும் துடிப்பே. ஈரச் சாலையில் அது நன்மையாகாது. இழுவைக் கட்டுப்பாடும் இருக்கும் பிடியைக் காக்குமேயன்றி, தேய்ந்த டயருக்கு இல்லாத பிடியைத் தந்துவிடாது.

சாலை எவ்வளவு தருமோ அவ்வளவே கேட்க வேண்டும் என்பது அன்றைய ஓட்டுநர் அறிந்த நீதி. கருவிகள் பெருகிய இந்நாளிலும் அது மாறவில்லை. அடுத்த முறை ஊர் திரும்புகையில், பாறசாலையைக் கடக்கும்போது மழை பெய்தால், ஓட்டுநரின் காலைச் சற்றே கவனிப்போம். நம்மை வீடு சேர்ப்பதில் அதற்கும் பங்கு உண்டு.