சிறுவனின் ஆர்வத்திலிருந்து மூளை ஆய்வு வரை: டாக்டர் வி.எஸ். ராமச்சந்திரன்

அழகர்கோவில் மலையடிவாரத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றால் கல், இறகு, செத்த வண்டு என்று எதையாவது பொறுக்கிக்கொண்டு வருவார்கள். "குப்பையைக் கீழே போடு" என்று நாம் அதட்டுகிறோம். அப்படி அதட்டாத ஒரு வீட்டிலிருந்து வந்தவர்தான் உலகறிந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன்.

1951இல் தமிழ்நாட்டில் பிறந்தார். தந்தை ஐ.நா. அமைப்பில் பணிபுரிந்த பொறியாளர். அதனால் பள்ளிப் படிப்பின் ஒரு பகுதி பாங்காக்கில் கழிந்தது. தந்தை நுண்ணோக்கி வாங்கிக் கொடுத்தார். தாய் உயிரின மாதிரிகளைத் தேடிக் கொண்டுவந்து தந்தார். வீட்டிலேயே வேதியியல் சோதனைகள் நடந்தன.

மகன் விஞ்ஞானியாக விரும்பினார். தந்தையோ மருத்துவம் படிக்கச் சொன்னார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் ஆர்வத்தை மூட்டை கட்டி வைக்கவில்லை. மாணவராக இருக்கும்போதே, சுமார் 20 வயதில், இரு கண்களின் பார்வை பற்றிய அவரது கட்டுரை 'நேச்சர்' இதழில் வெளியானது. பார்வை குறித்த ஆய்வுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வலுவான அடித்தளம் இட்டவர் பஸ்ராவில் பிறந்த இப்னு அல் ஹைதம் என்பதையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்ற ராமச்சந்திரன், 1983இல் அமெரிக்காவின் சான் டியாகோ கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே, கையை இழந்த பிறகும் அந்தக் கை இருப்பதாக உணர்ந்து வலியால் துடிப்பவர்களை ஆராய்ந்தார். முகத்தைத் தொட்டால், இல்லாத கையைத் தொட்டதாகச் சிலர் கூறினார்கள். மூளையில் முகத்துக்கும் கைக்கும் உரிய பகுதிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. கையிலிருந்து செய்தி வராததால், அந்த இடத்தை முகத்தின் உணர்வு எடுத்துக்கொள்கிறது என்று அவர் விளக்கினார்.

1990களில் அவர் கண்ட சிகிச்சைக்குத் தேவைப்பட்டது ஒரு பெட்டியும் ஒரு கண்ணாடியும்தான். நல்ல கையின் பிம்பம், இழந்த கையின் இடத்தில் தெரியும். நல்ல கையை விரித்தால், இறுக மூடிக் கிடந்த 'இல்லாத கை'யும் விரிவதாக மூளை உணரும். எல்லோருக்கும் இது பலன் தருவதில்லை. ஆனாலும் பலருக்கு வலி குறைந்தது. 2007இல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது.

நம் மதுரையிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர், குகை வௌவால்களைக் கொண்டு உடலின் உள்கடிகாரத்தை ஆராய்ந்தனர். இருளில் அடைத்து வைத்த வௌவால், சக வௌவால்கள் போய்வரும் நேரத்தை வைத்தே தன் நேரத்தைச் சரிசெய்துகொண்டதை 1981இல் வெளியிட்டனர்.

மருத்துவ இடம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பிள்ளைகளைக் கலங்க விட வேண்டாம். உயிரியல், இயற்பியல், உளவியல், கணினி என எதைப் படித்தாலும் மூளை ஆய்வுக்கு வழி உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ், இந்திய அறிவியல் கழகம், மானேசர் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் ஆகியவை நம் நாட்டிலேயே இருக்கின்றன.

அடுத்த முறை பிள்ளை வண்டோடு வந்து நின்றால், "இதுக்கு எத்தனை கால், எண்ணிப் பார்த்தியா?" என்று கேட்போம்.