வன்னியின் மண்ணெண்ணெய் விளக்குகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் மின்சாரம் எட்டாத ஊர்களிலும், மின்சாரம் நின்றுபோன ஆண்டுகளிலும் வீட்டுக்கும் வயலுக்கும் வெளிச்சம் கொடுத்தவை மண்ணெண்ணெய் விளக்குகள். இவற்றுள் ஜாம் போத்தல் விளக்கு போர்க்கால மக்களே ஆக்கிக்கொண்டது.

மண்ணெண்ணெய் வருமுன் கோயிலிலும் வீட்டிலும் எரிந்தது இலுப்பெண்ணெய்.

அரிக்கன் லாம்பு 1860களின் இறுதியில் அமெரிக்காவில் உருவான வடிவம். இருபக்கக் குழாய்கள் வழியே சுடருக்குக் காற்றுப் போவதால், வெளிக்காற்று அதை எளிதில் அணைக்காது. 1920இல் கட்டி முடிந்த இரணைமடுக் குளத்தின் கீழ் காடு வெட்டிக் குடியேறியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கு இல்லை. பன்றிக்கும் யானைக்கும் காவலிருந்த பரணிலும், இரவில் சூடு மிதித்த களத்திலும் அதுதான் எரிந்தது. கலியாண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் பெற்றோமக்ஸ் வந்தது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. மண்ணெண்ணெய், பற்றரி, மெழுகுதிரி எல்லாம் தட்டுப்பாடாகின. அரிக்கன் லாம்பின் அகலத் திரிக்கு எண்ணெய் ஊற்றிக் கட்டாது. அந்த நெருக்கடியில்தான் ஜாம் போத்தல் விளக்கு பரவியது. சிறிய போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விடுவார்கள். சைக்கிள் ரியூப்பின் வால்வுக்குள் நூலைத் திரியாகக் கோத்துப் போத்தலுக்குள்ளேயே நிறுத்துவார்கள். மெல்லிய நூல் கொஞ்சமாகத்தான் எண்ணெயை உறிஞ்சும். போத்தலின் சுவரே சிமிலியாகிக் காற்றை மறைக்கும். தடையை மீறிப் படித்த ஒரு தலைமுறை சோதனைக்கு ஆயத்தமானது இந்த வெளிச்சத்தில். வடக்கின் ஆய்வுகூடங்களில் பிறந்த எந்தக் கருவியையும்விட இதையே பெரிய கண்டுபிடிப்பாகக் கொள்ள வேண்டும். 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் வன்னிக்கு வந்தபோது, அங்கேயும் அதே தடைதான், அதே விளக்குத்தான். 2002இல் போர்நிறுத்தத்தை ஒட்டித் தடை தளர்ந்தது.

பஞ்சு எண்ணெயைப் பிடித்து வைத்திருந்ததால் விளக்கு சரிந்தாலும் உடனே கொட்டிப் பரவாது. இது சிறிய விடயமல்ல. சாதாரண குப்பி விளக்கு கவிழ்ந்து எரிகாயப்பட்டவர்கள் இலங்கை முழுவதும் ஏராளம். அதைத் தடுக்கவே வைத்தியர் விஜய கொடகும்புர 1992இல் ‘சுதீப’ விளக்கை அறிமுகப்படுத்தினார். கட்டையான, கனத்த கண்ணாடிப் போத்தல்; உருளாதபடி இரு பக்கம் தட்டை; மூடி திருகி இறுக்குவது. அதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

2009இல் போர் முடிந்தபின் மின்கம்பிகள் மீண்டும் வடக்கே வந்தன. ஆனாலும் 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்டில் 87 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 340 ரூபாயாக உயர்ந்தது. உங்கள் வீட்டில் ஜாம் போத்தல் விளக்கு எங்கேனும் மிஞ்சியிருந்தால் எறிந்துவிடாதீர்கள். அதைச் செய்தவரிடமே செய்முறையைக் கேட்டு எழுதி வையுங்கள்.