விமானம் இறங்காமல் போகும் நாளுக்காக: ஷானன் சுதந்திர வர்த்தக வலயத்தின் உருவாக்கம்

அயர்லாந்தின் மேற்கே, ஷானன் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய ரினியானா என்ற ஈரநிலத்தில், 1936இல் அரசு ஒரு விமான நிலையத்தைக் கட்டத் தொடங்கியது. அக்காலத்து பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கு அட்லாண்டிக்கைக் கடந்ததும் எரிபொருள் தேவைப்பட்டது. ஷானனில் இறங்கியாக வேண்டும். அந்த இயலாமைதான் ஷானனின் பிழைப்பு. 1947இல் சுங்கமற்ற விமான நிலையச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு, அங்கே உணவக நிர்வாகத்தைக் கவனித்துவந்த பிரெண்டன் ஓ'ரீகன், காத்திருக்கும் பயணிகளுக்காகத் தீர்வையற்ற கடையைத் திறந்தார். இன்று உலகெங்கும் உள்ள அவ்வகைக் கடைகளுக்கு அதுவே முன்னோடி.

1958இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக் சேவைக்கு வந்தன. ஷானனைத் தொடாமலே கடந்துவிடலாம் என்ற நிலை நெருங்கியது.

விமான நிலையம் இருக்கும் இடத்தைத் தொழில்கள் தேடி வரும் என்பது வழக்கமான விளக்கம். ஷானனில் நடந்தது இதன் தலைகீழ்: இழக்கவிருந்த பயணிகளுக்கு ஈடாகச் சரக்கை உண்டாக்கவே தொழில்கள் அழைக்கப்பட்டன. இந்நோக்கத்துடன் 1959இல், ஓ'ரீகன் தலைமையில், ஷானன் விமான நிலைய வளர்ச்சிக் கழகம் அரசு முதலீட்டில் அமைந்தது. காலமும் வாய்த்திருந்தது. நிதித்துறைச் செயலர் டி. கே. விட்டேக்கரின் 1958 அறிக்கை, காப்பு வரிகளுக்குள் முடங்கிக் கிடந்த நாட்டை ஏற்றுமதியின் பக்கம் திருப்பியது. 1959இல் பிரதமரான ஷான் லெமாஸ் அதற்கு அரசியல் பலம் தந்தார்.

விமான நிலையத்தை ஒட்டிச் சுதந்திர வர்த்தக வலயத்தை உருவாக்கிய இந்தக் கழகம் செய்த வேலையில் முக்கியமானது, வாடகைக்கு ஆள் வரும் முன்பே கட்டடம் எழுப்பியது. சாலை, குடிநீர், கழிவுநீர்க் குழாய், மின்சாரம் எல்லாம் பொதுப்பணத்தில். வெளிநாட்டு நிறுவனம் கையெழுத்திட்டு, இயந்திரத்தை இறக்கி, வேலையைத் தொடங்கலாம். அதோடு இயந்திரங்களுக்கும் பயிற்சிக்கும் மானியம். ஏற்றுமதி லாபத்துக்கு நீண்டகால வரிவிலக்கு. கிண்டித் தொழிற்பேட்டையிலும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அரசு தொழிற்கூடங்களைக் கட்டித் தந்தது. ஆனால் அது உள்ளூர்ச் சிறுதொழில்களுக்கு. இது கடல் கடந்து வருவோருக்கு. விமானத்தில் அனுப்ப ஏற்றது எடை குறைந்த, விலை மிகுந்த பண்டம் என்ற கணக்குக்கு டி பியர்ஸ் நிறுவனத்தின் தொழில்துறை வைரம் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனாலும் வந்தவர்களை ஈர்த்தது ஓடுபாதையா, வரிவிலக்கா என்று கேட்டால், எடை வரிவிலக்கின் பக்கமே சாயும். வானில் அனுப்பத் தேவையில்லாத பொருள்களைச் செய்தவர்களும் அங்கே கடை விரித்தார்கள்.

தொழிலாளர்கள் லிமெரிக், எனிஸ் நகரங்களிலிருந்து வந்து போக வேண்டியிருந்தது. எனவே 1960களில் வீடுகளும் கட்டப்பட்டன. ஷானன் என்ற புதிய நகரமே எழுந்தது. தொழிற்சாலைக்கு என்று தொடங்கிய பொதுச்செலவு பள்ளி, கடைத்தெரு வரை நீண்டது. கணக்கு பார்க்கும் பொருளியலாளர்கள் இந்தப் பகுதியை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள்.

1970களில் ஷானன் ஒரு பாடசாலையும் ஆனது. ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்புடன் சேர்ந்து, வலயம் அமைக்க விரும்பிய நாடுகளின் அதிகாரிகளுக்குப் பயிற்சி தந்தது. 1980இல், பின்னாளில் சீன அதிபரான ஜியாங் ஜெமின் சீனக் குழுவுடன் வந்து பார்த்தார். அவ்வாண்டே ஷென்சென் சிறப்புப் பொருளாதார மண்டலம் பிறந்தது. இலங்கையில் விமான நிலையத்தை ஒட்டிய கட்டுநாயக்க வலயம் 1978இல் தோன்றியது. தாம்பரத்தில் சென்னை ஏற்றுமதி மண்டலம் 1984இல்.

அயர்லாந்துக்கு வரும் அட்லாண்டிக் விமானங்கள் ஷானனில் இறங்கியே தீர வேண்டும் என்ற அரசு விதி 1990களில் தளர்ந்து, 2008இல் ஐரோப்பிய–அமெரிக்கத் திறந்த வான் உடன்பாட்டுடன் மறைந்தது. 2014இல் வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்பேட்டைகளையும் விமான நிலையத்தையும் ஒரே அரசு நிறுவனத்தின் கீழ் இணைத்தார்கள். ஜெட்டுக்குப் பயந்து கட்டிய கூடங்களின் வாடகை, அதன்பின் விமான நிலையத்தின் தாய் நிறுவனத்துக்கே வந்து சேர்ந்தது.