கங்காணி முடித்த கலியாணமும் ஈப்போத் திரைப்படமும்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்னார்க்கு இன்னார் என்பது பெரும்பாலும் பிறக்கும்போதே வரையறுக்கப்பட்ட செய்தி. மாமன் மகளும் அத்தை மகனும் இருக்கும்வரை தரகனுக்கு அங்கே வேலை குறைவு. கடல் கடந்து பேராக் மாநிலத்துக்கு வந்த தொழிலாளிக்கோ அவ்வுறவு வலையில் ஓரிரு இழைகளே எஞ்சின. அவனுக்குப் பெண் தேடித் தந்தவர் யார்? நம் வரலாற்று நூல்கள் இவ்வினாவை அதிகம் எழுப்புவதில்லை.

1877இல் ஹியூ லோ என்னும் ஆங்கில அதிகாரி கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அவை பெருந்தோட்டங்களாகப் பெருகியது இருபதாம் நூற்றாண்டில்தான். 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை நின்றதும், ஆள் சேர்க்கும் வேலை பெரும்பாலும் கங்காணிகள் கைக்கு வந்தது. கங்காணி தன் ஊரிலும் தன் உறவினரிடையிலும் ஆள் திரட்டினான். வந்தவருள் ஆண்களே மிகுதி. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போதும் மலாயா இந்தியருள் ஏறத்தாழ இரண்டு ஆண்களுக்கு ஒரு பெண் என்ற நிலையே இருந்தது. இந்நிலையில் சாதகம் பார்ப்பதெங்கே, பொருத்தம் பார்ப்பதெங்கே! சாதி பார்த்தோரும் உண்டு. பார்க்க இயலாதோரும் உண்டு. லயத்து வீடுகளில் எழுந்த வழக்குகளைத் தீர்த்த கங்காணியே பெண் பேசி முடிப்பவனாகவும் இருந்தான். பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்ட அதே வாய்தான் மணப்பேச்சையும் பேசியது.

இதனைக் கங்காணியின் கருணை என்பாருளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. தான் கொணர்ந்த ஆள் வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. மனைவி மக்களோடு குடியமர்ந்தவன் வேறு தோட்டத்துக்கு எளிதில் ஓடான். ஆகவே திருமணமும் ஆளைத் தோட்டத்தோடு கட்டிவைக்கும் கயிறுகளுள் ஒன்றாயிற்று. பொன்னால் செய்த கயிறுதான், எனினும் கயிறே.

1938இல் இந்திய அரசு கூலியாட்கள் மலாயாவுக்கு வருவதைத் தடுத்ததும் இம்முறை ஓய்ந்தது. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்படலாயின. அதனைத் தடுக்கவே, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஆயினும் லயங்கள் காலியாயின. மக்கள் நகரங்களை நாடினர். ஈப்போ போன்ற நகரில் கங்காணி ஏது?

இவ்விடத்தில்தான் திரைப்பட இயக்குநர் யாஸ்மின் அகமதுவின் படங்கள் நினைவுக்கு வருகின்றன. 2004இல் ஈப்போவில் எடுத்த 'செப்பெட்' படத்தில், படத்தட்டு விற்கும் சீன இளைஞனையும் மலாய்ப் பெண்ணையும் ஒரு கடை சந்திக்க வைத்தது. 2009இல் வெளிவந்த 'டேலன்டைம்' நமக்கு இன்னும் நெருக்கமானது. பள்ளிக்கூடப் பாட்டுப் போட்டிக்குத் தேர்வு பெற்ற மாணவர்களை ஒத்திகைக்கு ஏற்றிச் செல்லச் சில மாணவர்கள் நியமிக்கப்படுகின்றனர். மேலூர் என்னும் பெண்ணுக்கு அவ்வாறு வாய்த்தவன் காது கேளாத தமிழ் இளைஞன் மகேஷ். மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அவள் பேசுவது அவன் காதில் விழாது. இது அவளுக்குத் தெரிய நாளாகிறது. நகைச்சுவையும் கனிவும் கலந்த காட்சிகள். பள்ளியின் நியமனப் பட்டியலே இங்கே தரகன். ஆனால் கங்காணிக்கிருந்த ஆதாயம் அதற்கில்லை.

மகேஷின் வீடு லயமன்று, நகரத்து வீடு. அங்கும் பழைய வினா காத்திருக்கிறது. திருமண வேளையில் அண்டை வீட்டாரோடு மூண்ட தகராற்றில் அவன் மாமன் கொலையுண்டார். அத்துயரத்தில் இருக்கும் தாய், மகன் ஒரு முஸ்லிம் பெண்ணை விரும்புவதை ஏற்க மறுக்கிறாள். அத்தாயைக் கொடியவளாகக் காட்டாதது யாஸ்மினின் பெருமை. படம் வெளிவந்த ஆண்டின் சூலைத் திங்களில் அவர் மறைந்தார்.

மகேஷும் மேலூரும் மணந்தனரா என்பதைப் படம் சொல்லவில்லை. சொல்லியிருப்பின், மலேசியாவில் முஸ்லிம் ஒருவரை மணக்க விரும்புவோர் இஸ்லாத்தைத் தழுவவேண்டும் என்பதையும், அது கேட்டு அத்தாய் என்ன செய்தாள் என்பதையும் சேர்த்தே சொல்ல நேர்ந்திருக்கும்.