மாத்தளையோடு நின்ற இருப்புப்பாதை

கண்டிக்குப் புகையிரதம் 1867ஆம் ஆண்டில் வந்தது. அங்கிருந்து மாத்தளைக்கான பாதை 1880 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. மலைநாட்டுக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்வதே இப்பாதைகளின் முதல் நோக்கமாகும். ஆயின், 1869இல் தோன்றிய இலைநோய் அதற்குள்ளாகவே கோப்பிச் செய்கையை அழித்துக்கொண்டிருந்தது. பின்னர் தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் அதன் இடத்தைப் பெற்றன.

இதே மாத்தளைக்கு, மன்னார்க் கரையில் இறங்கிய தமிழகத் தொழிலாளர் தம்புள்ளை ஊடாகக் காட்டுவழியே நடந்து வந்தனர். பசியாலும் நோயாலும் வழியில் மாண்டோர் பலர். விளைபொருளுக்குப் புகையிரதம், விளைவித்தவனுக்குக் கால்நடைப் பயணம். இதுவே குடியேற்ற ஆட்சியினரின் போக்குவரத்துக் கொள்கை.

வடக்கிற்கான பாதை பொல்கஹவெலவிலிருந்து குருநாகல் வழியாகச் சென்று 1905இல் முழுமையடைந்தது. 1920களின் பிற்பகுதியில் ஹபரணை ஊடாகத் திருகோணமலைப் பாதையும் அமைந்தது. மாத்தளையோ இன்றும் கடைசி நிலையமே. இந்நூற்றாண்டில் முன்வைக்கப்பட்ட குருநாகல்–தம்புள்ளை–ஹபரணைத் திட்டமும் மாத்தளையைத் தொடவில்லை.

மாத்தளைப் பாதையைத் தம்புள்ளை ஊடாக ஹபரணை வரை நீட்டினால், மலைநாடும் கிழக்கும் நேரே இணையும். அத்தகைய திட்டம் ஏற்றிச்செல்லும் சுமையை மட்டுமன்றி, அன்று நடந்து வந்தோரின் வழித்தோன்றல்களது பயணத் தேவையையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.