கடைஞாயிறு வழிபாடு

காஞ்சிபுரம் கச்சபேசுவரர் கோயிலில் கார்த்திகை மாத ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபெறும் நேர்த்திக்கடன். திருமால் ஆமை வடிவில் சிவனைப் பூசித்த தலம் இது. தலைநோய் தீர வேண்டிக்கொண்டவர்கள் கோயிலின் இஷ்டசித்தித் தீர்த்தத்தில் நீராடி, புது மண்சட்டியில் மாவிளக்கு ஏற்றித் தலையில் சுமந்து பிரகாரத்தை வலம் வருவார்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு தனிச்சிறப்பு உடையது. விழாவின் பெயரும் அதிலிருந்தே வந்தது.

பொதுவாக ஞாயிறு சூரியனுக்குரியது. சிவனுக்குத் திங்களே உகந்த நாள். அந்தப் பொது வழக்கை மீறி, சிவன் கோயிலில் ஞாயிறு பெருநாளாக விளங்குவதே இவ்வழிபாட்டின் அருமை.

காஞ்சியின் பிற கோயில்களுக்கும் கிழமைக் கணக்கு உண்டு. செவ்வாயன்று குமரகோட்டத்து முருகனையும் வெள்ளியன்று காமாட்சியம்மனையும் தொழுவது வழக்கம். பெருமாளுக்குரிய சனிக்கிழமை, புரட்டாசியில் விரதநாளாகிறது. அன்று தளிகை படைத்த பிறகே பல வீடுகளில் உண்பார்கள்.