பாடியவளுக்குத் தெரியாத சிலேடை

பதினேழு வயதில் கல்லூரி ஆண்டுவிழா மேடையில் ஒரு திரைப்பாட்டைப் பாடினேன். பையன்கள் விசிலடித்தார்கள். குரலுக்குக் கிடைத்த பாராட்டு என்று பூரித்துப்போனேன். அந்த வரிக்கு இன்னொரு பொருள் உண்டு என்பதை, விடுதிக்குத் திரும்பிய பிறகு தோழிதான் சொன்னாள். அன்றிரவின் கூச்சமே, பல ஆண்டுகள் கழித்து, ஒரு பிரெஞ்சுப் பாடகியின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது.

1947இல் பாரிஸில் பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் இசபெல். இசபெல் ஓப்ரே என்ற பாடகி ஏற்கெனவே புகழ்பெற்றிருந்ததால், பாட வந்தபோது இவர் ‘ஃபிரான்ஸ் கால்’ ஆக்கப்பட்டார். பெண்ணின் பெயர் இருந்த இடத்தில் நாட்டின் பெயர் வந்தது. நான் அவரை இசபெல் என்றே எழுதுகிறேன்.

1965இல் நேபிள்ஸில் நடந்த யூரோவிஷன் போட்டியில் லக்சம்பர்க் சார்பில் பாடி வென்றார். அவருக்கு வயது 17. பாடலை எழுதிய செர்ஜ் கேன்ஸ்பூருக்கு 36. பாட்டில் பேசுபவள் ஒரு பொம்மை: மெழுகுப் பொம்மை, ‘சோன்’ பொம்மை. அந்தச் சொல்லுக்குத் தவிடு, ஒலி என இரு பொருள். அடுத்த ஆண்டு குச்சிமிட்டாய் சப்பும் சிறுமியைப் பற்றி ஒரு பாட்டை அவரே எழுதித் தந்தார. அதன் சிலேடை எழுதியவருக்குத் தெரியும்; கேட்டவர்கள் பலருக்கும் தெரியும். பாடியவருக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது அவமானத்தில் குன்றிப்போனதாகப் பின்னாளில் சொன்னார்.

பிரான்சில் அவர் பாடல்களுக்கு மவுசு குறைந்தபோது ஜெர்மனி கைகொடுத்தது. ஜெர்மன் மொழியிலேயே பாடினார். 1968இல் வந்த பாட்டில் கணினி அவருக்கேற்ற காதலனைத் தேடுகிறது. அந்நியப் பெண்ணின் உச்சரிப்பும் விற்பனைச் சரக்காயிற்று. பொம்மை ஊர் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

1970களில், தனக்கு எழுத வேண்டியவர் மிஷேல் பெர்ஜேதான் என்று முடிவு செய்து அவரிடம் பாடல் கேட்டவர் இசபெல். பின்னர் இருவரும் மணந்துகொண்டனர். அமெரிக்கக் கறுப்பினப் பாடகி எலா ஃபிட்ஜெரால்டைப் போற்றி பெர்ஜே எழுதிய பாடலை 1987இல் பாடினார். மறு ஆண்டு மேற்கு ஜெர்மனியின் விற்பனைப் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது. இம்முறை அவர் ஜெர்மனுக்கு மாறவில்லை, பிரெஞ்சிலேயே பாடினார். நாற்பது வயதுப் பெண் இன்னொரு பெண்ணின் குரலைக் கொண்டாடியதை வேற்று நாடு கேட்டது.

“இதையும் எழுதியது ஆண்தானே?” என்று என் மாணவியர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சங்கப் பாடல்களின் தலைவி கூற்றை நடத்தும்போது நான் சொல்லித்தந்த கேள்வியும் அதுதான். அதோடு இன்னொன்றையும் கேட்கச் சொல்கிறேன்: பாடுகிறவளுக்குப் பொருள் தெரியுமா, மறுக்க இடமிருந்ததா? பதினெட்டு வயது இசபெல்லுக்கு இரண்டும் இல்லை. நாற்பதில் இருந்தன.

இப்போதெல்லாம் மேடையேறும் மாணவியிடம் வரியின் எல்லாப் பொருளையும் சொல்லிவிடுகிறேன். பாடுவதா வேண்டாமா என்பது அவள் முடிவு.